ஆசியான்: வெளியுறவு வீட்டுக்குள் தொடங்குகிறது

(பொதுச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



‘அமெரிக்காவா, சீனாவா: ஆசியான் யார் பக்கம்?’ என்பதுதான் எனக்கு முதலில் தரப்பட்ட தலைப்பு. அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். பதினோரு நாடுகள், பதினோரு பதில்கள். பிலிப்பைன்ஸ் 1951 முதல் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. கம்போடியா தன் ரியாம் கடற்படைத் தளத்தைச் சீன உதவியோடு விரிவுபடுத்தியிருக்கிறது. வியட்நாமைப் பாருங்கள்: 2023 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பைடன் ஹனோய்க்கு வந்தார், டிசம்பரில் ஷி ஜின்பிங் வந்தார், அடுத்த ஜூனில் புதின் வந்தார். மூவருக்கும் சிவப்புக் கம்பளம்தான். இந்தோனேசியா 2025 ஜனவரியில் பிரிக்ஸில் சேர்ந்தது. இவர்களை எல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி ‘நீங்கள் யார் பக்கம்?’ என்று கேட்டால் பதில் வராது.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். இத்தனை வேறுபாடுகளோடும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் இந்த அமைப்பு அறுபது ஆண்டுகளை நெருங்கிவிட்டது. ஏறக்குறைய 68 கோடி மக்கள் இதற்குள் வாழ்கிறார்கள். சில காலங்களில் வல்லரசுகளே இதன் சொல்லுக்குக் காது கொடுத்திருக்கின்றன. வேறு சில காலங்களில் இவர்கள் ஒரு கூட்டறிக்கைகூட எழுத முடியாமல் கலைந்திருக்கிறார்கள். இந்த ஏற்ற இறக்கம் எதனால்? வாஷிங்டனிலும் பெய்ஜிங்கிலும் காரணம் தேடுகிறோம். நான் பாங்காக்கிலும் நோம்பெனிலும் தேடச் சொல்கிறேன். உறுப்பு நாடுகள் தங்களுக்குள் இருக்கும் வழக்குகளை எப்படிக் கையாளுகின்றனவோ, அதைப் பொறுத்துத்தான் வெளியே அவர்களுக்கு மரியாதை. இதுதான் இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி.

கதை தொடங்கிய இடத்துக்குப் போவோம். 1967 ஆகஸ்ட். தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் தனத் கோமன் தன் விருந்தினர்கள் நால்வரைப் பாங் சேன் என்ற கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனார். இந்தோனேசியாவின் ஆதம் மாலிக், பிலிப்பைன்ஸின் நார்சிசோ ராமோஸ், மலேசியத் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக், சிங்கப்பூரின் எஸ். ராஜரத்தினம். கோட்டு, டை எதுவும் இல்லை. காலையில் கோல்ஃப், பிறகு பேச்சு. ஆகஸ்ட் 8ஆம் தேதி பாங்காக்கில் கையெழுத்தான பிரகடனம் சின்னஞ்சிறிய ஆவணம். பொருளாதாரம், கல்வி, பண்பாடு என்று அடக்கமாகப் பேசுகிறது. ஆனால் அந்நிய நாட்டு ராணுவத் தளங்கள் எல்லாம் தற்காலிகமானவை என்று முன்னுரையிலேயே ஒரு வரியை எழுதி வைத்துவிட்டார்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது.

அந்த ஐவரில் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர், மலாயாவில் வளர்ந்தவர், பத்திரிகையாளராக இருந்து சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானவர். இனிமேல் நம் நாட்டு நலனை வட்டார நலனோடு சேர்த்துவைத்துத்தான் எண்ண வேண்டும், அது வலிக்கும் என்ற பொருளில் அவர் அன்று பேசினார். வலித்தது. மிக விரைவிலேயே வலித்தது.

மலேசியா உருவாவதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய ‘மோதல்’ நடவடிக்கையின்போது, 1965 மார்ச்சில் சிங்கப்பூரின் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூவர் இறந்தார்கள். குண்டு வைத்த இரு இந்தோனேசிய வீரர்களுக்குத் தூக்குத் தண்டனை. அதை நிறைவேற்ற வேண்டாம் என்று அதிபர் சுகார்த்தோ கேட்டுக்கொண்டார். சிங்கப்பூர் 1968 அக்டோபரில் நிறைவேற்றியது. ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. ஆசியான் பிறந்து பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டில் சபா உரிமை தொடர்பாக மலேசியாவும் பிலிப்பைன்ஸும் முறைத்துக்கொண்டன. அமைப்பு அத்தோடு முடிந்தது என்றே பலர் நினைத்திருப்பார்கள். முடியவில்லை. 1973இல் ஜகார்த்தா சென்ற சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ, தூக்கிலிடப்பட்ட அந்த இருவரின் கல்லறைகளில் தன் கையால் மலர் தூவினார். சிங்கப்பூர் தன் தீர்ப்பைத் தவறென்று சொல்லவில்லை. இந்தோனேசியா தன் வீரர்களைக் குற்றவாளிகள் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் உறவின் பூட்டு திறந்தது. ஆசியான் வழி என்று பின்னாளில் எல்லோரும் பேசியதன் முதல் பாடம் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது என்பேன்.

உள்ளே இப்படி ஒரு சமாதானம் இருந்ததால்தான் அடுத்த சோதனையில் அவர்களால் நிற்க முடிந்தது. 1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் படைகள் கம்போடியாவுக்குள் நுழைந்தன. ஜனவரியில் நோம்பென் விழுந்தது. விரட்டப்பட்டவர் போல் போட். லட்சக்கணக்கான மக்களைப் பட்டினியிலும் வதையிலும் கொன்ற ஆட்சி அது. ஆனாலும் ஆசியான் ஒரு நிலைப்பாடு எடுத்தது: அண்டை நாட்டின் ஆட்சியைப் படை அனுப்பி மாற்றும் உரிமை யாருக்கும் இல்லை. இதற்காகப் பல ஆண்டுகள் ஐ.நா.வில் ஓட்டுத் திரட்டினார்கள். 1989இல் வியட்நாம் படை வெளியேறியது, 1991 அக்டோபரில் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்த வெற்றியில் ஒரு கறையும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. கம்போடியாவின் ஐ.நா. இருக்கை அந்த ஆண்டுகளில் போல் போட்டின் கெமர் ரூஜ் இயக்கத்தின் கையிலும், பிறகு அவர்கள் பங்குபெற்ற கூட்டணியின் கையிலும் இருப்பதற்கு ஆசியான் துணை நின்றது. கொள்கையின் பெயரால் கொலைகாரர்களுக்கு நாற்காலி கிடைத்தது. போதாக்குறைக்கு, அமெரிக்காவும் சீனாவும் அப்போது ஒரே பக்கம் நின்றன. காற்று சாதகமாக இருந்தது.

இருந்தும் நான் இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1980 மார்ச்சில் மலேசியாவின் குவாந்தானில் சுகார்த்தோவும் மலேசியப் பிரதமர் ஹுசைன் ஓனும் சந்தித்தார்கள். அவர்கள் இருவருக்கும் வியட்நாமைவிடச் சீனாவைப் பற்றித்தான் அதிகக் கவலை. வியட்நாமின் பாதுகாப்புக் கவலைகளையும் மதித்து ஒரு வழி காணலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் எல்லையில் வியட்நாம் பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது தாய்லாந்துக்கு. தாய்லாந்து அந்த வழியை ஏற்கவில்லை. இந்தோனேசியாவும் மலேசியாவும் தங்கள் கருத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆபத்தின் வாசலில் நிற்பவர் சொல்லுக்கே முதலிடம் கொடுத்தன. இந்த விட்டுக்கொடுத்தலை நினைவில் வையுங்கள்.

இன்று ஆபத்தின் வாசலில் நிற்பவர் யார்? பிலிப்பைன்ஸ். தென்சீனக் கடலில், அதன் பலவான் தீவிலிருந்து சுமார் 195 கிலோமீட்டர் தொலைவில், செகண்ட் தாமஸ் என்று சீனாவும் உரிமை கோரும் ஒரு பவளத்திட்டு. ஓதம் ஏறினால் முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். அதன்மேல் சியரா மாட்ரே என்ற துருப்பிடித்த கப்பல் ஒன்று நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா கட்டியது, பிறகு தென்வியட்நாம் கடற்படைக்குப் போனது, அங்கிருந்து 1976இல் பிலிப்பைன்ஸுக்கு வந்தது. 1999இல் பிலிப்பைன்ஸ் அதை வேண்டுமென்றே அந்தத் திட்டில் தரைதட்ட வைத்தது. அதற்குள் சில வீரர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோகும் படகுகளைச் சீனக் கடலோரக் காவல்படை தண்ணீர்ப் பீரங்கியால் அடித்துவந்தது. 2024 ஜூன் 17ஆம் தேதி கத்தியும் கோடரியும் ஏந்தி வந்து படகைக் கிழித்தார்கள். ஒரு மாலுமி கட்டைவிரலை இழந்தார். அடுத்த மாதமே மணிலாவும் பெய்ஜிங்கும் நேரடியாகப் பேசி, உணவுப் படகு போவதற்கு ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துகொண்டன. அந்த ஏற்பாட்டில் ஆசியானுக்கு இடமில்லை.

இத்தனைக்கும் சட்டம் பிலிப்பைன்ஸ் பக்கம் இருக்கிறது. 2016 ஜூலை 12ஆம் தேதி ஹேக் நடுவர் மன்றம், சீனாவின் ஒன்பது கோட்டு வரைபடத்தின் பேரில் கோரப்படும் வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. சீனா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆசியானும் அந்தத் தீர்ப்பைப் பெயர் சொல்லி ஆதரித்துக் கூட்டாக ஒரு வரி எழுதவில்லை. தீர்ப்புக்குச் சில வாரம் முன்பு சீனாவின் யுன்னான் மாகாணத்தில் நடந்த சிறப்புக் கூட்டத்துக்குப் பிறகு, மலேசியா கடுமையான ஓர் அறிக்கையை வெளியிட்டது. சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்தத் தயக்கம் ஏன்? ‘சீனப் பணம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் உண்டு. பணம் உண்மைதான். 2009 முதல் ஆசியானின் முதல் வர்த்தகக் கூட்டாளி சீனா. 1980இல் வியட்நாமோடு அப்படி இழப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பணம் மட்டும் காரணமென்றால், சீனாவோடு அவ்வளவு வியாபாரம் செய்யும் வியட்நாம் எப்படி எதிர்த்து நிற்கிறது? 2014இல் சீனா தன் எண்ணெய்த் துரப்பண மேடையை வியட்நாம் உரிமை கோரும் கடலில் கொண்டுவந்து நிறுத்தியபோது இரண்டு மாதம் படகுக்குப் படகு மோதினார்களே?

2012ஐப் பார்ப்போம். அந்த ஜூலையில் நோம்பெனில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள், 45 ஆண்டு வரலாற்றில் முதல் முறையாகக் கூட்டறிக்கை இல்லாமல் கலைந்தார்கள். சீனாவோடு தகராறில் இருந்த ஸ்கார்பரோ திட்டின் பெயர் அறிக்கையில் வர வேண்டும் என்றது பிலிப்பைன்ஸ். இரு நாட்டுச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள் என்றது தலைமையில் இருந்த கம்போடியா. உலகம் முழுவதும் ‘கம்போடியா விலை போய்விட்டது’ என்று எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. 2008 முதல் 2011 வரை பிரியா விகார் கோயிலைச் சுற்றிக் கம்போடியாவும் தாய்லாந்தும் சுட்டுக்கொண்டன. டாங்ரெக் மலை விளிம்பில் இருக்கும் பழைய சிவன் கோயில் அது. 1962இல் சர்வதேச நீதிமன்றம் கம்போடியாவுக்கே உரியது என்று சொல்லிவிட்ட கோயில். கம்போடியா ஐ.நா. பாதுகாப்பு அவைக்கே போனது. விவகாரம் ஆசியானிடம் திரும்பி வந்தது. இந்தோனேசியப் பார்வையாளர்கள் எல்லைக்குப் போவார்கள் என்று முடிவானது. அவர்கள் போகவே இல்லை.

தன் நிலத்தில் குண்டு விழுந்தபோது ஆசியானால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை என்று பார்த்த ஒரு நாடு, மறு ஆண்டே மற்றவர்களின் கடலுக்காகத் தனக்கு அதிகம் உதவும் வல்லரசைப் பகைத்துக்கொள்ளுமா? இது என் அனுமானம், ஆவணச் சான்று அல்ல. ஆனால் குவாந்தானையும் நோம்பெனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் உள்வீட்டுக் கணக்கு தீர்ந்திருந்தது, மற்றதில் தீராமல் கிடந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை.

அந்தத் தீராத கணக்கு 2025இல் வட்டியோடு வந்து நின்றது. ஜூலை 24ஆம் தேதி எல்லையிலுள்ள இன்னொரு பழைய சிவன் கோயிலான தா முவன் தோம் அருகே துப்பாக்கிச் சூடு தொடங்கியது. கம்போடியா ராக்கெட் வீசியது, தாய்லாந்து எஃப்-16 விமானங்களை அனுப்பியது. ஐந்து நாளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். ஆசியான் தலைவராக இருந்த மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் இரு தரப்பையும் புத்ராஜெயாவுக்கு வரவழைத்துச் சண்டை நிறுத்தம் செய்துவைத்தார். அதில் அவருக்கு உரிய பங்கை மறுக்க முடியாது. ஆனால் அமெரிக்கத் தூதரும் சீனத் தூதரும் அதே அறையில் இருந்தார்கள். சண்டை நிற்காவிட்டால் வர்த்தக ஒப்பந்தம் கிடையாது என்று டிரம்ப் இரு தலைவர்களுக்கும் போன் செய்திருந்தார். அக்டோபரில் கோலாலம்பூரில் டிரம்ப் முன்னிலையில் கையெழுத்து. நவம்பரில் கண்ணிவெடியில் தாய்லாந்து வீரர்கள் காயமடைந்ததும் ஒப்பந்தம் நிறுத்திவைப்பு. டிசம்பரில் மீண்டும் போர்.

வல்லரசு நம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று புலம்புகிறோம். கதவைத் திறந்துவிட்டது யார்?

வர்த்தகத்திலும் இதே கதைதான். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி டிரம்ப் அறிவித்த வரிப் பட்டியலில் கம்போடியாவுக்கு 49 சதவீதம், லாவோஸுக்கு 48, வியட்நாமுக்கு 46, சிங்கப்பூருக்கு 10. பொருளாதார அமைச்சர்கள் கூடி, பதிலடி வரி விதிக்க மாட்டோம் என்று சேர்ந்து சொன்னார்கள். அதுவரை சரி. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக வாஷிங்டனுக்கு ஓடினார்கள். முதலில் ஓடியவர்களில் வியட்நாமும் ஒன்று. ஆகஸ்டில் வியட்நாமுக்கு 20 சதவீதம். இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், கம்போடியா ஐந்துக்கும் 19. லாவோஸுக்கும் மியன்மாருக்கும் 40. ஓடி ஓடிப் பேசியும் ஐந்து பேருக்கு ஒரே எண்தான் கிடைத்தது. சேர்ந்து போயிருந்தால் இதைவிட மோசமாகவா போயிருக்கும்? பேரத்தில் விட்டுக்கொடுத்ததோ ஆளுக்கொன்று. அமெரிக்கா பாதுகாப்புக் காரணத்துக்காக எடுக்கும் வர்த்தக நடவடிக்கைகளுக்கு ஈடாகத் தானும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற வகையில் மலேசியா கையெழுத்திட்ட ஒரு பிரிவு, அந்த நாட்டுக்குள்ளேயே பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. சுங்க வரிப் பேச்சுக்குப் போனவர்கள் வெளியுறவுக் கொள்கையில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்பதுதான் அங்கே எழுந்த குற்றச்சாட்டு.

இங்கே ஒரு கேள்வி வரும். ஒருவர் மறுத்தால் எல்லாம் நின்றுவிடும் இந்த ஒருமித்த கருத்து முறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரும்பான்மை ஓட்டுக்கு மாறினால் என்ன? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆசியானின் அடித்தளமே சமத்துவம்தான். செயலகச் செலவுக்குச் சிங்கப்பூர் கொடுக்கும் அதே தொகையைத்தான் லாவோஸும் கொடுக்கிறது. பெரும்பான்மை ஓட்டில் லாவோஸையும் கம்போடியாவையும் நான்கு முறை தோற்கடித்தால், ஐந்தாம் முறை அவர்கள் வேறு கூடாரத்தில் இருப்பார்கள்.

இன்னொன்றையும் இழப்போம். பேச்சு வார்த்தையே இல்லாத பங்காளிகள் இருவரும் தயங்காமல் வந்து உட்காரும் கல்யாண வீடு போன்றது ஆசியான். அதன் பாதுகாப்பு மன்றத்தில் அமெரிக்காவும் வடகொரியாவும், இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே மேசையில் இருக்கின்றன. உலகில் அப்படிப்பட்ட மேசைகள் அதிகமில்லை. 2019இல் ஆசியான் வெளியிட்ட இந்தோ-பசிபிக் கண்ணோட்டம் என்ற ஆவணத்தின் சாரமும் இதுதான்: எந்த அணியையும் விரட்டாமல், எல்லா அணியும் எங்கள் மேசைக்கு வரட்டும். இந்தப் பலத்தை ஓட்டுப் பெட்டியில் போட்டு அழிக்க வேண்டியதில்லை.

அதற்காக எல்லாரும் தலையாட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? வேண்டாம். முறையை மாற்றாமலே ஆசியான் அசைந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஐந்து அம்ச உடன்பாடு போட்டார்கள். ராணுவத் தலைவர் மின் ஆங் லைங் அதை மதிக்கவில்லை. அந்த அக்டோபரில், அரசியல் சார்பற்ற ஒருவரை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லி அவரை உச்சி மாநாட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். மியன்மாருக்கு 2026இல் வர வேண்டிய தலைமைப் பொறுப்பையும் பிலிப்பைன்ஸுக்கு மாற்றினார்கள். தலையிடாமையே வேதம் என்றிருந்த அமைப்புக்கு இது சிறிய காரியமல்ல. ஆனால் 2023இல் தாய்லாந்து பட்டாயாவில் ராணுவ அரசின் அமைச்சரைத் தனியாக அழைத்துப் பேசியபோது இந்தோனேசியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் போகவில்லை. இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் எல்லையும் வந்து குவியும் அகதிகளும் தாய்லாந்தின் கவலை என்பதையும் மறந்துவிடக் கூடாது. மறுபடியும் அதே நோய்: வாசலில் நிற்பவர் கவலை வேறு, உள்ளே இருப்பவர் கணக்கு வேறு.

என்ன செய்யலாம்? கடலிலிருந்தே தொடங்கலாம். தென்சீனக் கடலில் வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருணை நால்வரும் சீனாவோடு மட்டும் மோதவில்லை. ஒருவர் கோரும் திட்டை இன்னொருவரும் கோருகிறார். இதை முதலில் தீர்க்கட்டும். முடியாத காரியமல்ல. இந்தோனேசியாவும் வியட்நாமும் பன்னிரண்டு ஆண்டு பேசி 2022 டிசம்பரில் தங்கள் பொருளாதார மண்டல எல்லையை முடிவு செய்தன. நால்வரும் தங்களுக்குள் கோடு போட்டுக்கொண்டால், சீனாவின் எதிரே தனித்தனியாகப் போய் நிற்கும் நிலை மாறும்.

கடல் நடத்தை விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002இல் வெளியிட்ட பிரகடனத்துக்குப் பிறகு விதிகளுக்கான பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. 2026க்குள் முடிப்பது என்று இலக்கு வைத்தார்கள். தேதிக்காகக் கையெழுத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. விதிகள் சட்டப்படி கட்டுப்படுத்துமா, எந்தக் கடல் பகுதிக்குப் பொருந்தும், வெளிநாடுகளோடு கூட்டுப் பயிற்சி நடத்தச் சீனாவின் சம்மதம் வேண்டுமா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத ஆவணம், வலியவர் கையில் இன்னொரு கருவியாகத்தான் முடியும்.

நம் நாட்டுக்கும் இதில் சிறு பங்கு உண்டு. இந்தோ-பசிபிக்கின் மையம் ஆசியான்தான் என்று ஒவ்வொரு மாநாட்டிலும் இந்தியா சொல்கிறது. ஆனால் ஆசியான் முன்னின்று உருவாக்கிய ஆர்செப் வர்த்தக உடன்பாட்டிலிருந்து 2019 நவம்பரில் பாங்காக்கிலேயே விலகிக்கொண்டோம். நம் விவசாயிகளையும் சிறுதொழிலையும் நினைத்து எடுத்த முடிவு, அதற்கு நியாயங்கள் உண்டு. ஆனால் சீனாவுக்கு மாற்றாக வியாபாரம் தராத நண்பரின் ஆலோசனைக்கு அங்கே எவ்வளவு எடை இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்த ஆசியான் உச்சி மாநாட்டுச் செய்தி வரும்போது, அமெரிக்க அதிபர் வந்தாரா, சீனப் பிரதமர் யாரோடு கைகுலுக்கினார் என்றுதான் தலைப்புகள் இருக்கும். நீங்கள் அந்தச் செய்தியின் ஐந்தாம் பத்தியில் தேடிப் பாருங்கள். தாய்லாந்து - கம்போடியா எல்லையில் ஆசியான் பார்வையாளர்கள் வேலை செய்கிறார்களா? மியன்மார் விஷயத்தில் தாய்லாந்தும் மலேசியாவும் ஒரே குரலில் பேசுகின்றனவா? மணிலாவுக்காக வாய் திறந்த அண்டை நாடு எது? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், கடலில் சீனாவிடமும் சந்தையில் அமெரிக்காவிடமும் ஆசியானின் பேச்சு எடுபடும். வராவிட்டால், எந்த வல்லரசையும் குறை சொல்வதில் பயனில்லை.